அவள் கப்பலேறும் காலையில் நீ எங்கே நிற்பாய்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், இடது முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் சொன்னபடி கேட்கின்றன. நீயும் மருமகளும் அந்தத் தீவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் பேசலாமே, இதற்கெதற்குக் கடிதம் என்பாய். நீ என் போனை எடுப்பது படகில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான், அந்த எஞ்சின் சத்தத்தில் நான் கேட்பது எதுவும் உன் காதில் விழுவதில்லை, நீ சொல்வதில் எல்லாம் நல்லா இருக்கும்மா என்பது மட்டும் தவறாமல் என் காதில் விழுகிறது. உனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனை ஊர் மாறினாயோ அத்தனை ஊரிலிருந்தும் இதே வாக்கியத்தைக் கேட்டாகிவிட்டது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதுதான் வசதி. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது, சொல்ல வந்ததை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பார்கள். இன்றைக்கு என்னால் அது முடியவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

மேல் வீட்டுக்குப் புதிதாக ஒரு தம்பதி குடிவந்திருக்கிறார்கள். கதவைச் சாத்தத் தெரியாது, அறையத்தான் தெரியும். நான் படியேறிப் போய் மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தேன், இப்போது மெதுவாக அறைகிறார்கள். அப்பாவின் மேஜையைப் பாலிஷ் போடக் கொடுத்தேன், பளபளப்பாகத் திரும்பி வந்தது, ஒரு கால் மட்டும் ஆடுகிறது, அந்தத் தச்சரை மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் பெரியம்மா வந்து, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கேப்டனம்மா சௌக்கியமா, உன் பிள்ளை இன்னும் அவ பெட்டியைத் தூக்கிட்டுப் பின்னாடியே போயிட்டிருக்கானா என்று கேட்டாள். பெட்டி கனம்தான் அக்கா, உள்ளே மெடல் எல்லாம் இருக்கில்ல என்றேன். அதற்கப்புறம் தண்ணீர் கூடக் கேட்கவில்லை. உனக்கு வேலை கிடைத்ததையும் சொன்னேன், துறைமுகத்து மீன் கிடங்கில் குளிர்சாதன இயந்திரம் முழுவதும் என் பிள்ளை பொறுப்பு என்று கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

உன் பயணத்தை நினைத்தாலே எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. மருமகளின் கடற்படை முகாமிலிருந்து டவுனுக்கு வளைகுடாவின் குறுக்கே முகாம் படகு நேராகப் போகிறது, குடும்பத்தாருக்குக் காசு கூட வேண்டாம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதை விட்டுவிட்டு இருட்டோடு எழுந்து, முகாம் கேட்டைத் தாண்டி, நாய்கள் படுத்துக்கிடக்கும் அந்த மண் சாலையில் நடந்து, மீனவர் துறையில் பொதுப் படகைப் பிடித்து, அது துறைக்குத் துறை நின்று கூடை ஏற்றிக் கூடை இறக்கி உன்னைக் கொண்டு சேர்ப்பதற்குள் பாதிக் காலை போய்விடுகிறது. பள்ளிக்கூட பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் மூலை திரும்புவதற்குள் வாந்தியெடுத்தவன் நீ. முன்பக்கம் உட்காராதே, அங்கேதான் தூக்கிப் போடும், நடுவில் உட்கார். வெறும் வயிற்றோடு ஏறாதே. மிதவைச் சட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்குவதாகப் பெருமையாகச் சொன்னாயே, அது தலையணை இல்லை, எழுந்து மாட்டிக்கொள். அலை பெரிதாக இருக்கும் நாளில் ஒரு நாள் சம்பளம் போனால் உலகம் முழுகிவிடாது, நீ முழுகாமல் இருந்தால் போதும்.

எதற்காக இந்தச் சுற்றுவழி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முகாம் படகிலிருந்து நீ இறங்குவதைக் கிடங்கில் யாரும் பார்த்துவிடக் கூடாது. டவுனில் முகாம் ஆட்களை வேலைக்கு எடுக்கமாட்டார்கள், எடுத்துப் பழக்கி முடிக்கும்போது மாற்றல் உத்தரவு வந்து மூட்டை கட்டிவிடுவார்கள் என்று. நீ உப்புமூட்டை என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறாயே, அந்த மேற்பார்வையாளர், அவரே உன் முன்னால் இன்னொருவரிடம், முகாம்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கறதும் அலைக்குச் சொல்லிக்கொடுக்கறதும் ஒண்ணுதான்யா என்று சொன்னதாக நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். முகாம்காரர்களின் மனைவிகளைத்தான் அவர்களுக்குத் தெரியும், மனைவிக்கு மாற்றலாகிப் பின்னால் வரும் கணவன் ஒருவன் இருப்பான் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை, அதனால் உன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டில் யார் என்று கேட்டதற்கு மனைவி அரசாங்க வேலை என்று சொல்லி வைத்திருக்கிறாய். பொய் இல்லையேம்மா என்றாய். பொய் இல்லைதான். உனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். போன ஊரில் வேலையில்லாமல் இருந்த நாட்களில் உன்னைப் பார்க்க வந்தேனே, பகல் முழுவதும் சட்டை மாற்றாமல், ஓடிக்கொண்டிருந்த குளிர்ப்பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தாய். நான் என்ன சமைத்தாலும் நன்றாக இருக்கிறது என்றாய், உப்பே போடாத அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாய். திரும்பும் ரயிலில் நான் ஒரு பக்கம் கூடப் படிக்கவில்லை. அதனால்தான் நீ அரசாங்க வேலை என்று சொன்னதை அறிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன், ஏனென்றால் விஷயம் உன் வேலையைத் தாண்டிப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மருமகள் எனக்குப் போன் செய்தாள். அவளாகக் கூப்பிடுபவள் அல்ல என்பது உனக்குத் தெரியும், பிறந்தநாளைக்குக் கூட நாலு வாக்கியம் பேசி சல்யூட் அடிப்பதுபோல் முடித்துவிடுவாள். அன்றைக்கு வளவளவென்று பேசினாள். பொதுப் படகு நடுக் கடலில் நின்றுபோய், முகாம் படகு போய் உங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டதாமே. அந்தப் படகில் அன்றைக்குப் பொறுப்பு அவள். ஏறுகிற ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு எழுத வேண்டியது அவள் வேலை. நீ உப்புமூட்டையோடு நின்றிருக்கிறாய், அவளைப் பார்த்ததும் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாய். அவளுக்குப் புரிந்துவிட்டது. உன் முறை வந்ததும், உங்க பேர் என்ன சார் என்று கேட்டாளாம். அத்தை, உங்க பிள்ளை எங்கிட்டயே தன் பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னார், எங்கே போறீங்கன்னு கேட்டேன், டவுனுக்குன்னார், உட்காருங்கன்னேன், தேங்க்ஸ் மேடம்னார் என்று சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த அந்த மனிதர் கரையில் இறங்கும்போது, பொம்பளை ஆபீசர்னா இப்படித்தான், முகத்துல சிரிப்பே இருக்காது என்று உன்னிடம் சொன்னாராம், அதுவும் அவள் காதில் விழுந்திருக்கிறது. நீ பதிலுக்கு என்ன சொன்னாய் என்று நான் கேட்டேன். ஒண்ணும் சொல்லலை அத்தை என்றாள். அப்புறமும் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்போடு சேர்ந்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து இருவரும் அதைப் பற்றிப் பேசினீர்களா என்றேன், இல்லை, அவர் களைச்சுப் போய்ப் படுத்துட்டார் என்றாள்.

அந்தக் கல்யாணத்தில் எனக்கு முதலில் பிடித்தம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவளிடமும் அதை நான் மறைத்ததில்லை, நேராகவே சொன்னேன், அவளும் நேராகவே கேட்டுக்கொண்டாள். அப்படிப்பட்ட பெண் நாலு பேர் பார்க்க யாரோபோல உன்னிடம் நடித்துவிட்டு, உன் வேலை போகக் கூடாது என்பதற்காக நடித்துவிட்டு, அதை வேடிக்கைக் கதையாக்கி என்னிடம் சொல்கிறாள். வேறு யாரிடம் சொல்வாள், சொல். அவள் அம்மா இருந்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்கமாட்டாள். நான் பயப்படுவது எதற்கென்றால், அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் இன்றைக்கு மேஜைக் காலைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

இன்னொன்றும் சொன்னாள். மாதக் கடைசியில் அவள் கப்பலேறுகிறாள், திரும்ப ஆறு மாதம் ஆகும் என்று. இதை நீ என்னிடம் சொல்லவில்லை, அது தனி. பெரிய கப்பல் முகாம் துறைக்கு வராது, டவுன் துறையில்தான் நிற்கும், தடுப்புக் கயிறு கட்டி அதன் பின்னால் குடும்பத்தாரை நிறுத்தி வைப்பார்கள் என்றாள். அவன் வழியனுப்ப வருவான் அல்லவா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவருக்கு அன்னிக்கு லீவு கிடைக்காது அத்தை என்றாள். துறைக்கு எதிரேதானே அவன் கிடங்கு, தெருவைக் கடக்க எதற்கு லீவு என்றேன். அதற்கு அவள், நீங்க வேளைக்கு மாத்திரை போட்டுக்கோங்க அத்தை என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, ஒரு பெண் எந்த இடத்தில் பேச்சை மாத்திரைக்கு மாற்றுகிறாள் என்பது தெரியாதவள் இல்லை நான்.

ஆகவே நான் நினைப்பது சரியா என்று நீயே சொல். அன்று காலை ஒவ்வொரு வீட்டு ஆளும் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பார்கள், அவளுக்கு யாரும் இருக்கமாட்டார்கள், நீ எதிரே கிடங்கின் சரக்கேற்றும் கதவுக்குப் பின்னால் கையுறை மாட்டிக்கொண்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அப்படித்தானே. ஆறு மாதம் அவள் தண்ணீரில் இருக்கும்போது எந்தக் காட்சியை நினைத்துக்கொண்டிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாயா? நீ கெட்டவன் இல்லை, பயந்தவன். பயத்தில் மனிதன் முதலில் தள்ளி வைப்பது தன்னை விட்டுப் போகமாட்டார்கள் என்று நம்புகிறவர்களைத்தான். அவர்களும் போகிறவர்கள்தான், தம்பி.

வேலை போனால் போகட்டும் என்று எழுத என் கை வரவில்லை. போனால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதனால் அவள் கப்பலேறுவதற்கு முன்னால் அந்த மேற்பார்வையாளரிடம் நீயே போய்ச் சொல். கூட்டத்தில் அவர் உன்னைக் கண்டுபிடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதே. காலையில் வேலை தொடங்கும் முன் போ, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு போ, நின்றுகொண்டு பேசு. அன்றைக்குப் படகில் பெயர் எழுதியது என் மனைவி, முகாமில்தான் குடியிருக்கிறேன், இரண்டு வருஷத்தில் மாற்றல் வரலாம், அதற்குள் என் இயந்திரத்தை இந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேருக்குப் பழக்கிக்கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று சொல். மன்னிப்பு ஒரு தடவை கேள், இரண்டாம் தடவை கேட்காதே, குழைந்தால் மனிதர்களுக்கு நம்பிக்கை போய்விடும். அந்தக் கிடங்கில் வாயு கசிந்த அன்று எல்லாரும் வெளியே ஓட நீ உள்ளே போய் வால்வை மூடியதாகச் சொன்னாயே, அதை அவர் மறந்திருக்கமாட்டார், நீயாக ஞாபகப்படுத்தாதே. அவர் கத்துவார். கத்தட்டும். ஒருவேளை வைத்துக்கொள்வார், ஒருவேளை போகச் சொல்வார். எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, பார், இந்த வரி கோணலாகப் போகிறது, என் எழுத்து கோணலாகி நீ பார்த்திருக்கமாட்டாய். போகச் சொன்னாலும் மாதக் கடைசிக் காலையில் கயிற்றுக்குப் பக்கத்தில் முன்னால் நின்றுகொள், பின்னால் நின்று தலையை எட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம். வேலையைப் பற்றி நாம் மறுநாள் கவலைப்படுவோம், சேர்ந்தே படுவோம், தேவைப்பட்டால் நான் வந்து அந்தக் குவார்ட்டர்ஸில் உன்னோடு இருக்கிறேன், அந்தப் படகிலும் ஏறுகிறேன்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவளிடமும் கொடு. அவள் என்னிடம் சொன்னதை நான் உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குக் கோபம் வந்தால், அந்தக் கோபத்தை எனக்கு அனுப்பச் சொல், வாங்கிக்கொள்கிறேன். விரைவுத் தபாலில் போடுகிறேன், தீவுக்கு அது எந்த வேகத்தில் வருமோ, தபால்காரரைக் கேட்டால் காற்றைப் பொறுத்தது என்கிறார்.

கடவுள் உங்கள் இருவரையும், ஒருவர் தண்ணீரிலும் ஒருவர் கரையிலும் இருக்கப்போகும் இந்த மாதங்களில், பத்திரமாக வைத்திருக்கட்டும். என் ஆசி இருவருக்கும் சரிபாதி, இந்த முறை அவளுக்குக் கொஞ்சம் கூடுதல்.

கரையில் நின்று கையை உயர்த்து. அவள் பதிலுக்குக் கையசைக்கமாட்டாள், பணியில் இருக்கும்போது அவர்களுக்கு அதற்கு அனுமதி இல்லையாம். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கையை இறக்கிவிடாதே, கப்பல் துறைமுக முனையைத் திரும்பும் வரை அப்படியே வைத்திரு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா