கட்டம் போட்ட கார் சீட்டு

மச்சான்,

நேற்று உன் காரின் சீட்டு உரிந்துவிட்டது. உன் கருமாதி முடிந்த அன்று உன் செல்லம்மா என் கையில் கொடுத்தாளே, அந்தப் பச்சை மரக் கார்தான். "அவரு செஞ்சதுலயே இத மட்டுந்தான் யாருக்கும் குடுக்காம வச்சிருந்தாரு. நீங்க வச்சிக்கங்கண்ணே" என்று சொல்லித் தந்தாள். அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன். இந்த வருட மழையில் வீட்டில் எல்லாமே பூஞ்சணம் பூத்துக் கிடக்கிறது. துடைக்கலாம் என்று எடுத்தால், பின் சீட்டில் நீ ஒட்டியிருந்த கட்டம் போட்ட துணி பாதி கழன்று தொங்கியது. நீ காய்ச்சி ஒட்டிய மாப்பசையைக் கரப்பான் தின்றிருக்கிறது. திரும்ப ஒட்டலாம் என்று துணியைத் தூக்கினேன். தூக்கியவன் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. பழுப்பு நிறம். தோல் மாதிரியே மினுக்கம். ஊசியால் கீறித் தையல் வரிகூடப் போட்டிருந்தாய்.

"அடப் பாவி, என்னையே ஏமாத்திட்டியே" என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை, நல்லவேளை. இத்தனை வருடம் கழித்து, பதில் சொல்ல நீயும் இல்லாத நேரத்தில், உன் மேல் எனக்கிருந்த பழைய சந்தேகம் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

நான் சந்தேகப் பிராணி என்பது தோட்டத்துக்கே தெரியும். "தலைவருக்குத் தேத்தண்ணியில சீனி கூடிட்டா, குடுத்தவன் என்ன காரியத்துக்கு வந்தான்னு யோசிப்பாரு" என்று நீதான் எல்லாரிடமும் கேலி பேசித் திரிந்தாய். எனக்கு அதில் வெட்கமில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவனாக இருப்பவன் எல்லாரையும் நம்பிக்கொண்டிருந்தால் நாலே நாளில் தோட்டத்துத் துரை அவனை விற்றுவிடுவார். அதுவும் அந்தக் காலம் எப்படிப்பட்டது! இந்த நாட்டில் பிறந்த நம்மையே இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். யார் எதை எழுதிக்கொண்டு போனாலும் பயம். ஒரு ஜீப் சத்தம் கேட்டால் லயத்து வீடுகளில் இருப்பவர்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

நீயும்தான் வருவாய். ஆனால் நீ வருவது ஜீப்பை அளக்க.

தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையிலிருந்து இறங்கியவன் கைகால் கழுவக்கூட மாட்டாய். வாகனம் எது நின்றாலும் மடியிலிருந்து நூலை எடுத்து, சக்கரத்துக்குச் சக்கரம், கதவுக்குக் கதவு பிடித்துப் பார்ப்பாய். பிறகு அந்த நூலைப் பாதியாக மடித்து, அதையும் பாதியாக மடித்து, மடித்துக்கொண்டே போய்க் கடைசியில் விரல் நீளத்துக்குக் கொண்டுவந்துவிடுவாய். அதுதான் உன் வண்டியின் அளவு. தேயிலைப் பெட்டியின் உடைந்த பலகை, டின்பால் டின், பழைய சப்பாத்துக் குதிகாலில் வெட்டிய டயர், பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளில் செய்த முன் விளக்கு. தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தியை இன்னும் தேய்த்துச் சின்னதாக்கி, அதை வைத்தே எல்லாம் செய்தாய். தோட்டத்து லொறி, ஹட்டன் பஸ், பொலிஸ் ஜீப் என்று உன் ஒற்றை அறைக் காம்பராவின் சுவர்ப் பலகையில் வரிசையாக நின்றன. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பொலிஸ் ஜீப்பை நூல் பிடித்து அளப்பவனை எந்தத் தலைவன் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான்?

அந்த ஜீப்புக்குள் ஒன்றுமே இல்லாமல் வெறும் கட்டையாக இருந்தது. ஏன் உள்ளுக்குச் செய்யவில்லை என்று கேட்டேன்.

"உள்ளுக்கு நான் பாக்கலயே மச்சான். மனசுல தோணுனதச் செஞ்சா அது பொம்ம. பாத்ததச் செஞ்சாத்தான் வண்டி."

இதை நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். ஒரு ஆணியின் இடம் மாறியிருக்கிறது என்று நான் வேண்டுமென்றே சீண்டினால், என்னை இழுத்துக்கொண்டு போய் லொறிக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டாமல் விடமாட்டாய். உன்னைப் பற்றி நான் முழுசாக நம்பியது அந்த ஒன்றைத்தான். அதுவே உன்னை மாட்டியும் விட்டது.

கீழ் டிவிசனில் ஒரு பெண், பிரசவ வலியோடு, கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே செத்துப்போனாள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இன்னும் பாதி வழி இருந்தது. தோட்டத்து லொறி அன்று முழுக்கத் தொழிற்சாலை முற்றத்தில் சும்மா நின்றது. பிள்ளைப்பேற்றுக்கு லொறி தரவேண்டும் என்று கேட்டோம். லொறி தேயிலை ஏற்றுவதற்கு, ஆள் ஏற்றுவதற்கில்லை என்றார் துரை. வேலைக்கு இறங்க மாட்டோம் என்று நின்றுவிட்டோம். சனிக்கிழமை கமிட்டி கூடி, திங்கட்கிழமை தேயிலை லொறியை வளைவில் மறிப்பது என்று முடிவு செய்தோம். நீயும் இருந்தாய். திங்கட்கிழமை விடிந்து நாங்கள் வளைவுக்குப் போனால், எங்களுக்கு முன்னால் பொலிஸ் வந்து நின்றது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இடையில் இருந்தது ஒரு ஞாயிறு. அன்று கோயிலடியில் பெரிய கூட்டம்; லயத்தில் ஈ காக்கை இல்லை. நீ வரவில்லை. மறுநாள் கேட்டபோது, செல்லம்மாவுக்கு வலி வந்துவிட்டது, பெரிய ரோட்டில் மரக்கறி லொறியை மறித்து ஏற்றிக்கொண்டு டிக்கோயாவுக்குப் போனேன், பெண் பிள்ளை என்று சொன்னாய். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மரக்கறி லொறி ஓடாது, மச்சான். அதை அப்போதே மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

போராட்டம் இழுத்துக்கொண்டே போனது. கஞ்சியும் மரவள்ளியுமாகக் காலம் போனது. வேலையில்லாத கை சும்மா இருக்குமா? நீ இந்தக் காரைச் செய்தாய். துரையின் கார். பார்த்தவர்கள் என்னிடம் ஓடிவந்தார்கள். நான் உன் காம்பராவுக்கு வந்தபோது பிள்ளை தொட்டிலில் தூங்கியது. காரை எடுத்துக் கதவைத் திறந்தேன். திறந்தது! உள்ளே ஸ்டீயரிங், அதற்குப் பக்கத்தில் மணிக்கூடு, சாம்பல் தட்டு, கண்ணாடி இறக்கும் கைப்பிடி. பின் சீட்டில் சிவப்பும் கறுப்புமாகக் கட்டம். பார்க்காததைச் செய்யாதவன் நீ. நம் சாதி சனம் எவனும் அந்தக் காருக்குள் தலையை நீட்டியதில்லை.

"இதுக்குள்ள நீ எப்ப போன?" என்றேன்.

"கேக்காத மச்சான்."

அவ்வளவுதான். செல்லம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பிய முகத்தைத்தான் நான் அதிகமாகச் சந்தேகப்பட்டேன்.

கமிட்டியில் எல்லாரும் கொதித்தார்கள். காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவனைத் தீர்மானித்துவிட்டால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும். பீலியில் தண்ணீர் பிடிக்க விடமாட்டார்கள். அடுப்புக்கு ஒரு நெருப்புக் கொள்ளி தரமாட்டார்கள். பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீயும் செல்லம்மாவும் தோட்டத்தை விட்டுப் போகவேண்டியதுதான். போகும் தோட்டத்துக்கும் உனக்கு முன்னால் பேச்சுப் போய்ச் சேர்ந்திருக்கும். என் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, துரையின் டிரைவர் அந்தோணியைத் தேடிப்போனேன்.

ஹட்டன் கடையொன்றில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் பின் சீட்டு எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"பிரவுன் தோலு. ஏன் தலைவரே, கார் வாங்கப் போறீங்களா?"

"கட்டம் போட்ட சீட்டு இல்லியா?"

அந்தோணி கோப்பையைக் கீழே வைத்தான். என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் சிரித்தான். "கட்டமா? ஒங்க கூட்டாளி கனாக் கண்டிருப்பாரு."

அவன் உடனே சிரிக்கவில்லை என்பதையும் நான் கவனித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கமிட்டியில் காரை நடுவில் வைத்து, "உள்ளுக்குப் போனவனுக்குச் சீட்டு நெறம் தெரியாதா? பாக்காமத்தான் செஞ்சிருக்கான்" என்றேன். அந்தோணியிடம் வேறு ஆளும் விசாரித்தார்கள். பேச்சு அடங்கியது. பிறகு துரையும் இறங்கிவந்தார், லொறி கிடைத்தது. உன் பிழைதான் உன்னைக் காப்பாற்றியது என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

"ஆமா மச்சான். தப்பாத்தான் செஞ்சிட்டேன்."

ஒரு ஆணிக்கு லொறிவரை இழுத்துக்கொண்டு போகிற ஆள், ஒரு சீட்டையே பிழை என்று ஒத்துக்கொண்டான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நேற்றுத்தான் உறைத்தது. உண்மையான சீட்டைச் செய்துவிட்டு, நான் வரப்போகிறேன் என்று தெரிந்து, மேலே துணியை ஒட்டி மறைத்திருக்கிறாய் என்று எண்ணினேன். அப்படியென்றால் பங்களாவுக்குப் போனவன் நீதான். வளைவைச் சொன்னவனும் நீதான். இரவு சாப்பாடு இறங்கவில்லை. காலையில் காரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, தலவாக்கலையில் மகள் வீட்டில் இருக்கும் செல்லம்மாவிடம் போனேன். துணியைத் தூக்கிக் காட்டி, "இது என்னா?" என்றேன். தலைவர் குரலிலேயே கேட்டிருப்பேன் போலிருக்கிறது, கிழவி பயந்துபோனாள்.

காரைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு என்னயத் தூக்கிட்டுப் போக லயத்துல ஒரு ஆம்பள இல்லண்ணே. எல்லாரும் கூட்டத்துக்குப் போயிட்டீங்க. இவரு பங்களாவுக்கு ஓடுனாரு. தொரை கொழும்புக்கு ரயில்ல போயிருந்தாரு. அவரு சம்சாரம் தொரைசாணிதான் காரக் குடுத்தாங்க. தொரைக்குத் தெரியக் கூடாது, வெளிய மூச்சு விடாதீங்கன்னு அந்தோணிகிட்டயும் இவருகிட்டயும் சொல்லித்தான் அனுப்புனாங்க. காரு குடுத்தது தெரிஞ்சா, அப்பறம் லொறி எதுக்குன்னு தொர கேப்பாரு, போராட்டமே கெட்டுப்போகும்னு இவரும் வாயத் தொறக்கல."

"சரிம்மா. இந்தக் கட்டத் துணி?"

"அது நாய்க்குப் போடுற கம்பளிண்ணே."

துணியைத் தொட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டேன்.

"சீட்டு பழுதாயிரும்னு, நாய் படுக்குற கம்பளிய எடுத்து விரிச்சாங்க. அதுமேலதான் என்னயப் படுக்க வச்சாங்க. ஆஸ்பத்திரியில பிள்ளயத் தொடைக்கிறப்ப என் சீலையெல்லாம் நாய் முடி. அத எப்புடிண்ணே வெளிய சொல்றது?"

திரும்பி வரும் வழியெல்லாம் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நீ பிழையாக எதுவும் செய்யவில்லை, மச்சான். மறைக்கவும் இல்லை. அடியில் தோல், மேலே நாய்க் கம்பளி. பார்த்தது பார்த்தபடி, அதே வரிசையில் செய்து, கதவையும் திறக்கிற மாதிரி வைத்திருக்கிறாய். வளைவைக் காட்டிக்கொடுத்தது யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. இரண்டு பேர் மேல் கண் இருக்கிறது. ஒருவன் செத்துவிட்டான், மற்றவனை நான் இன்னும் விடவில்லை. உன்னை மட்டும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். கோபம் வருகிறது, துரைசாணி மேலா உன் மேலா என்று தெரியவில்லை.

இப்போது மாப்பசை காய்ச்சித் துணியை நீ ஒட்டியிருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டேன். ஒரு ஓரம் சரியாகப் படியவில்லை. நீ இருந்தால் பிரித்து மறுபடி ஒட்டச் சொல்லியிருப்பாய். சொல்லியிருக்கலாமே மச்சான். ஊருக்குச் சொல்லவேண்டாம், என்னிடம் மட்டுமாவது. லொறி கேட்டு நின்றபோதே, அந்தக் கம்பளிக்கும் சேர்த்து நியாயம் கேட்டிருப்பேன்.