சாக்கோடு எடை போட்ட குண்டூசி

ஜனவரி 9

இன்று பேத்திக்கு எடை பார்க்கும் நாள். மகள் வேலைக்குப் போய்விட்டதால் நான்தான் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று மாதம் முடிந்துவிட்டது. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் எங்களுக்கு அவள் குண்டூசி.

நல்ல குளிர். ஸ்வெட்டர், குல்லாய், காலுறை, மேலே ஒரு கம்பளி. துணியைக் கழற்றச் சொன்னாள் ஆயா. நர்ஸம்மா உள்ளே வேறொரு பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். "தூங்குற புள்ளைய எழுப்பாதம்மா" என்று கெஞ்சினேன். "சரி பெரியவரே, உங்க ராஜ்ஜியம்" என்று அப்படியே தராசில் வைத்துவிட்டாள். ஐந்து கிலோ எண்ணூறு. எடை அட்டையில் கோடு ஜிவ்வென்று ஏறியது. நானே படித்தேன்! எழுபத்தொரு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு, யாரையும் கேட்காமல்.

கை வலிக்கிறது. இன்றைக்கு இது போதும்.

ஜனவரி 10

குண்டூசி சிரித்தாள். தூக்கத்தில் இல்லை. என்னைப் பார்த்து.

ஜனவரி 21

நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். விழித்திருக்கும்போது தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் போட வேண்டுமாம், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டுமாம். கழுத்து உறுதியாகும். பேசிக்கொண்டே இருக்கவும் சொன்னார்.

"அவளுக்கு என்னம்மா புரியும்?"

"பேச்சு புரியலைன்னா என்ன தாத்தா, உங்க குரல் புரியுமே."

அதனால் நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதையெல்லாம் அவளுக்குச் சத்தமாகப் படிக்கிறேன். இன்று சோப்பு உறை. மிகவும் ரசித்தாள்.

பிப்ரவரி 10

நான்கு மாதம். மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். நர்ஸம்மாவே துணியெல்லாம் கழற்றி எடை போட்டார். ஐந்து கிலோ எழுநூற்றைம்பது. மறுபடியும் போட்டார். அதேதான்.

கோடு இறங்கிவிட்டது.

எத்தனை தடவை பால், எத்தனை தடவை ஈரம் என்று பொறுமையாகக் கேட்டார். "பாக்க நல்லாத்தான் இருக்கா. ஆனா எடை குறையக் கூடாது. மூணு நாள் கழிச்சு வாங்க. அப்பவும் இப்படின்னா டாக்டர்கிட்ட அனுப்பறேன்."

வழியெல்லாம் மகள் அந்த அட்டையையே பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 11

மகள் வேலையை விடப் போகிறாளாம். ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த ஆய்வக வேலை. "நான் பக்கத்துல இல்லாததுதான்பா காரணம். பால் பத்தல." கடிதம்கூட எழுதி வைத்துவிட்டாள். அவள் பிழிந்து வைத்துவிட்டுப் போகும் பாலை நான்தானே புகட்டுகிறேன்? என் கையில்தான் ஏதாவது தப்பா?

பிப்ரவரி 12

எழுத மனசு வரவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஜனவரி 9. ஸ்வெட்டர், குல்லாய், காலுறை, கம்பளி—

அடப்பாவி!

கிடங்கில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கினவன் நான். சாக்கு எடையைக் கழிக்காத எடைக்காரனோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவன். சொந்தப் பேத்திய சாக்கோட எடை போட்டிருக்கேனே!

சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் கடிதம் மேஜைமேல் இருந்தது. மகள் வந்ததும் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். மூன்று தடவை படித்தாள். "இந்தக் கையெழுத்த இவ்ளோ ஆசையா யாரும் படிச்சிருக்க மாட்டாங்கப்பா" என்றாள். அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை.

பிப்ரவரி 13

நோட்டோடு அந்த ஸ்வெட்டர், குல்லாய், காலுறை, கம்பளி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு மகளோடு போனேன். நர்ஸம்மா சிரிக்கவில்லை. துணிகளை மட்டும் தராசில் வைத்தார். நானூற்று அறுபது கிராம்.

"அப்போ போன மாசம் அஞ்சு முன்னூத்தி நாப்பதுதான். ஒரே மாசத்துல கோடு அவ்ளோ ஏறினப்பவே நானும் சந்தேகப்பட்டிருக்கணும்" என்றார். பிறகு குண்டூசியை வெறும் உடம்போடு வைத்தார். ஐந்து எழுநூற்றுத் தொண்ணூறு. மகளிடம் திரும்பி, "யாரு பால் பத்தலன்னு சொன்னது? கோட்டப் பாருங்க" என்றார்.

பழைய புள்ளியை அடித்தார். பக்கத்தில் 'துணியோடு' என்று எழுதச் சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினார். பின்னால் ஐந்து பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும். ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.

"பெரியவரே, இனிமே இங்க என் ராஜ்ஜியம்" என்றாள் ஆயா.

மார்ச் 3

குண்டூசி தானாகவே குப்புற விழுந்தாள். விழுந்துவிட்டு, யார் தள்ளியது என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

மார்ச் 10

ஐந்து மாதம். மகள் வேலைக்குப் போயிருந்தாள். எங்கள் முறை வரும் முன்பே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். என் சட்டையை நனைத்தாள். பரவாயில்லை, அவள் எடைதான் குறைந்திருக்கும். ஆறு கிலோ இருநூறு. கோடு ஜிவ்வென்று ஏறவில்லை. நிதானமாக, என் எழுத்து மாதிரி, ஏறுகிறது.

நோட்டு நேற்றே தீர்ந்துவிட்டது. மகள் வேலையை விட எழுதி வைத்த கடிதத்தின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். நல்ல தாள். மை ஊறவே இல்லை.