பிரபுக்கள் சபை தள்ளிவைத்த வழக்கு

மார்ச் 11, செவ்வாய்

காலையில் வக்கீல் பேசினார். கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் என் வீட்டுக்காரரின் வழக்கை மறுபடியும் பதினைந்து நாள் தள்ளிவிட்டார்களாம். அழுகைகூட வரவில்லை. பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு தட்டச்சு வேலைக்கே திரும்பினேன். இப்போது அடிப்பது பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையின் குறிப்பேடு; சட்டம் போடுவதும் கடைசி மேல்முறையீட்டைக் கேட்பதும் அங்கே அந்த ஒரே சபைதான். ஒருநாள் காலையில் ஒரு பாலம் கட்டச் சட்டம் போட்டுவிட்டு, பிறகு ஒருவனின் மேல்முறையீட்டைக் கேட்டிருக்கிறார்கள். அதையும் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்துவிட்டார்கள். மாமியாரிடம் சொன்னேன்.

“அங்கனயும் இதே கூத்துதானா? அவன் பொண்டாட்டி என்ன செஞ்சாளாம்?”

“அதெல்லாம் எழுதல அத்தை.”

“பெறகு என்னத்தத்தான் எழுதுனானுக!”

அவர் போனதும் பக்கம் பக்கமாகத் தள்ளித் தேடினேன். அந்த மேல்முறையீட்டின் தீர்ப்பு இருந்தது. படிக்கப் பயந்து மூடிவிட்டேன். நாளைக்கு அதையும் நான்தான் அடிக்க வேண்டும்.