சிறைமுற்றத்து மிளகாய்க்குக் கிடைத்த வரம்

மங்கலம் பெருகுக! மழை தவறாத கொன்றைவள நாட்டை ஒரு குடைக்கீழ் வைத்தாள்பவரும், பகைவர் பெயர் கேட்டால் முறுவலிப்பவருமான மாமன்னர் வெற்றிவேழப் பெருமானாரின் திருவுளப்படி, தலைமை அமைச்சர் பூதங்கண்ணனார் கருங்கல்மேட்டுக் கோட்டைத் தலைவர் அத்திவீரருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குதிரைகளும் காவற்படையும், தங்கள் பொறுப்பிலுள்ள பூட்டுகளும் நலமாய் விளங்குக!

நம் நாட்டு வழக்கம் தாங்கள் அறியாததன்று. மன்னர் பிறந்த திருநாளில் ஒவ்வொரு வீட்டாரும் தம் வீட்டில், தம் கையால் வளர்த்த மிளகாயில் ஒரு கைப்பிடி அரண்மனைக்கு அனுப்புவர். எவருடைய மிளகாய் மன்னரின் கண்ணில் நீர் வரவழைக்கிறதோ, அவருக்கு ஒரு வரம் உண்டு. கேட்ட வரத்தை மறுக்கும் மன்னர் அரியணையில் அமரலாகாது. சிறையும் ஒரு வீடுதான் என்று வழக்காட ஒருவர் வருவார் என்பது, பாவம், இவ்வழக்கத்தை வகுத்த முன்னோருக்குத் தோன்றவில்லை.

வந்தவர் மன்னரின் உடன்பிறந்த இளவலார் மழவரையர். அரியணைக்கு ஆசைப்பட்டார் என்ற குற்றத்திற்காகத் தங்கள் கோட்டையில் அடைபட்டிருப்பவர். அக்குற்றத்தைத் தாம் செய்யவேயில்லை என்று இன்றளவும் சாதிப்பவர். தாய்மாமன் வீட்டில் வளரும் ஒரே மகள் அணிமலரின் முகத்தைக் காணாமல் அவர் உருகிப்போனார் என்பதும், அந்த ஏக்கமே அவரை மண்ணைத் தொட வைத்தது என்பதும் காவலர் வாயிலாக இங்கு எட்டியவை.

வாளன்றி வேறெதையும் பிடித்தறியாத கை அல்லவா! லாயத்துச் சாணத்தைப் பச்சையாகவே கொண்டுவரச் செய்து உடைந்த மிடாப்பானையில் கொட்டி விதைத்தார்; அதன் சூட்டில் நாற்றெல்லாம் வெந்து மடிந்தது. காவலர் விழுந்து விழுந்து சிரித்தனராம். அவரோ அடுத்த சாணத்தை முற்றத்து மூலையில் குவித்து, வேப்பஞ்சருகும் அடுப்புச் சாம்பலும் கலந்து, அது மட்கி மண்வாசனை வரும்வரை பொறுத்திருந்து மீண்டும் விதைத்தார். அரிசி களைந்த கழுநீரைச் சமையற்காரரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி ஊற்றினார். அரச குருதி கழுநீருக்குக் கையேந்தியதைக் கேட்டு மாமன்னர் அன்று இருமடங்கு உண்டார்.

இலை சுருண்டபோது, தமக்குப் படியளந்த மோரையே புளிக்க வைத்து நீர்கலந்து செடிக்குத் தெளித்துவிட்டு, வெறுஞ்சோற்றை விழுங்கினார். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, விலா எலும்பு தெரிய அவர் மெலிய மெலிய, செடியோ தளதளவென்று வளர்ந்து பிஞ்சு பிடித்தது. பிள்ளையைப் போல அதனோடு பேசிக்கொண்டிருந்தார் என்றும், மகளின் பெயர் சொல்லியே நீர் வார்த்தார் என்றும் கேள்வி.

திருநாளன்று அவையோர் அனைவரும் காண, மாமன்னர் அந்த மிளகாயைக் கடித்தார். அப்பப்பா! காரம் உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணீர் தாடையில் வழிந்தது. மறைக்க வழியில்லை. வரம் என்னவென்று கேட்க ஆள் அனுப்பப்பட்டபோது, விடுதலை கேட்பாரோ என்று அமைச்சனாகிய யான் உட்பட அனைவரும் நடுங்கியது உண்மை. கேட்டிருந்தால் கொடுத்தே ஆகவேண்டும்!

ஆனால் மழவரையரின் மானம் அவரை விட்டுவிடுமா? ‘விடுதலை கேட்பது செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும், ஆதலின் அதைக் கேட்கமாட்டேன். என் மகளை நாள்தோறும் கண்ணாரக் கண்டால் போதும், வேறொன்றும் வேண்டா’ என்று சொல்லியனுப்பினார். அதைக் கேட்டு மாமன்னர் அவையே அதிரச் சிரித்தருளினார். வரம் அந்தக் கணமே வழங்கப்பட்டது.

ஆகவே தாங்கள் செய்யவேண்டுவன யாதெனின்: இவ்வோலை கொண்டுவரும் மூடுபல்லக்கில் அணிமலர் இருக்கிறாள். அவளைத் தந்தையின் அறைக்கு எதிரறையில் அடைத்து, நடுவே கம்பிக்கதவு இட்டு, அவர் நாள்தோறும் கண்ணாரக் காணும்படி செய்க. அவள் கால் விலங்குக்குக் கொல்லன் உடன் வருகிறான். கல்யாணப் பந்தலிலிருந்து அழைத்துவரப்பட்டவள் ஆதலால் கைமருதாணி இன்னும் ஈரமாயிருக்கும்; கழுவ வேண்டா, தந்தையும் பார்க்கட்டும். வரம் அவர் உயிருள்ளவரை செல்லும். எனவே அவள் சிறையும் அதுவரை செல்லும். மோர்ப்படியை அவருக்கு இருமடங்காக்குக; அவர் நெடுநாள் வாழவேண்டும் என்பது அண்ணனாரின் விருப்பம்.

பல்லக்கு வரும் செய்தியை மழவரையருக்கு முன்னரே தெரிவிக்கலாகாது.

இவ்வாணை சிறிதும் வழுவாது நிறைவேறுக. கொன்றை இலச்சினை பொறித்து, மாமன்னர் திருமுன் முடிக்கப்பட்டது இவ்வோலை. இவ்வரத்தைக் கேட்டது தந்தையே என்று அப்பெண்ணுக்கு வழியிலேயே சொல்லப்பட்டுவிட்டது.