டிஸ்க் ஆறும்வரை

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம். பதுளையில் ஓயாத மழை.

எங்கள் ஸ்டூடியோ கம்ப்யூட்டரோடு வெளியே இணைத்த இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டுக்கும் தனித்தனிச் சுவிட்ச். நேற்று ஒன்று கடுமையாகச் சூடேறிவிட்டது. பசறைத் தோட்டத்து வடிவம்மாவின் இறந்துபோன மகளுடைய ஒரே படம் அதில்தான் இருந்தது. முதலாளி பதறி, "உடனே அமத்திருவோம்மா" என்று சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார்.

"பொறுங்கோ ஐயா, அதில இன்னும் வேற படங்கள் பதிவாகுது, இடையில அமத்தினா எல்லாம் பழுதாப்போகும்" என்று தடுத்தேன். பதிவு முடிந்ததும் திரையில் 'இஜெக்ட்' கொடுத்து அந்த டிஸ்க்கை மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து விடுவித்து, சுழலும் சத்தம் அடங்கிய பிறகே அதன் சுவிட்சை அணைத்தேன். விரல் கொஞ்சம் சுட்டது, பயப்பட ஒன்றுமில்லை.

ஆறிய பின் போட்டோம். படம் இருந்தது. படம் வாங்க வந்து காத்திருந்த வடிவம்மா திரையைத் தடவி, "எம்புள்ள சிரிக்கிறா" என்றார்.

மிளகாய்த்தூள் அனுப்புங்கோ. பொட்டலத்தில் என் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கோ. இங்கே எல்லாருக்கும் நான் 'மிஸ்'தான். இந்தக் கடிதத்தை வாங்கிப்போகத் தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்கள் மகள்,
கேசினி