மஞ்சுளா டீச்சர் கேட்ட கேள்வி

12.8.2003, செவ்வாய்

போன மாதம் கீழ்பென்னாத்தூர் மஞ்சுளா டீச்சருக்கு, ஈறு நோயில் கரைந்த எலும்பு மறுபடி வளர, பல்லடியில் எலும்புத் தூள் வைத்துத் தைத்தேன். இன்று காட்ட வந்தவர், "அந்தத் தூள் எதுல செஞ்சது டாக்டர்?" என்று கேட்டார்.

மாட்டெலும்பு என்றேன். அவர் முட்டைகூடத் தொடாதவர். எனக்கு அது முன்பே தெரியும்.

"எடுத்துட்டு வேற வைக்கட்டுமா?" என்றேன்.

"பல்லு ஆடாம இருக்கு, இருக்கட்டும். முன்னாடியே சொல்லியிருந்தா நானே சரின்னிருப்பேன். நீங்க கேக்கவே இல்லியே" என்று எழுந்து போய்விட்டார்.

சொன்னால் மறுப்பார், பல் போய்விடும் என்றுதான் மறைத்தேன். அவர் வாயில் என்ன வைப்பதென்று நான் யார் முடிவு செய்ய?

நாளை பதினோரு மணிக்கு இன்னொருவருக்கு இதே ஆபரேஷன். டப்பாவைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுவேன். அவர் வேண்டாமென்றால் வேண்டாம்தான்.