ராஜகிரி அடிவாரத்தில் நாற்பது சிப்பாய்கள்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரு சிறிய வாக்கியம். "சார், அந்தத் தாளை எழுதினது நான்." அவ்வளவுதான். உன் வீட்டுக் கூடத்தில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சொல்வதற்குக் கால் மணி நேரம் அவகாசம் இருந்தது. சொல்லவில்லை.

இன்று மதியம் எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் சினிமாக் கொட்டகையின் வண்டி போயிற்று. இரண்டு பக்கமும் தட்டி கட்டிய மாட்டு வண்டி. உள்ளிருந்து நோட்டீஸ் பறந்தது. பிள்ளைகள் விழுந்தடித்துப் பொறுக்கின. அவர்களுக்கு நடுவில் டீச்சர் நானும் ஒன்று பொறுக்கிக்கொண்டேன். ரோஸ் நிறத் தாள், கையில் ஒட்டுகிற மை. படிப்பதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோனேன், நீ செய்வதுபோல. "புதுப்படம்டீ, மை கூட காயல பாரு" என்பாய். படமோ பட்டணத்தில் ஓடி முடித்து ஐந்து வருஷம் ஆகியிருக்கும். கதைச் சுருக்கத்தின் கடைசியில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று வருமே, அந்த இடத்தில் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இவன் யாரு நம்மள நிக்க வெக்க?"

கொட்டகையில் பெண்கள் பக்கத்து மணலைக் குவித்து, அதன்மேல் நீயும் நானும் உட்கார்ந்த மாலைகளை எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. சமண வீட்டுப் பழக்கம். அதனால் இடைவேளையில் நீ மட்டும் முறுக்கு கடிப்பாய். "இருட்டுல சாப்டக்கூடாதுன்னு வெச்சவங்க, இருட்டுல படம் பாக்கக்கூடாதுன்னு வெக்காம வுட்டாங்களே. அந்த மட்டும் உங்க ஆளுங்க நல்லவங்க" என்று வாயில் முறுக்கோடு சொன்னாய். முன்வரிசையிலிருந்த அம்மாள் திரும்பி முறைத்தாள். அவளுக்கும் ஒரு முறுக்கு கொடுத்தாய்.

கராச்சி அக்காவை எனக்குத் தந்தவள் நீ. உன் பெரியப்பா மகள். தோல் வியாபாரம் செய்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, நீ பாவாடை கட்டிய வயதில் கப்பல் ஏறியவள். அங்கே உருதுப் படம் உண்டு, இங்கிருந்து போன இந்திப் படமும் உண்டு. தமிழ்ப் படம்தான் இல்லை. 'நீ பார்க்கிற ஒவ்வொன்றையும் எனக்கு எழுது' என்று அவள் கேட்டாள். நீ எழுதினாய். அதற்கு வந்த பதிலில்தான் அந்த நிபந்தனை இருந்தது. 'தங்கச்சி, கொட்டகையில் உட்கார்ந்து பார்த்ததுபோல எழுதாதே. உன் தெருவில் நடந்ததுபோல எழுது. நடிகர் பெயர், படம், பாட்டு, காமிரா என்ற ஒரு சொல்லும் வரக்கூடாது. வந்தால் நீ தோற்றாய்.' அவளும் அப்படியே எழுதினாள். அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு நவாப் மகள் விஷம் குடித்தாள். அடுத்த மாதம் அதே வீட்டில் ஒரு டாக்டர் பார்வை இழந்தார்.

உனக்கு அழுகைக் காட்சி எழுத வராது. எழுதும்போதே சிரித்துவிடுவாய். அதனால் அந்த இடங்களை என்னிடம் தள்ளினாய். நான் தனித்தாளில் எழுதித் தருவேன், நீ உன் கடிதத்தோடு வைத்து ஒட்டுவாய். நாலாவது கடிதத்திலேயே அக்கா கண்டுபிடித்துவிட்டாள். 'அழுகை எழுதுகிற பெண் யார்? அவள் தாளைப் படித்துக்கொண்டிருந்ததில் இன்றைக்குப் பருப்பு அடிபிடித்துவிட்டது. அவளுக்கு என் சலாம்.' அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. அதற்குமுன் நான் எழுதிய எதையும் படித்து யார் வீட்டிலும் பருப்பு தீய்ந்ததில்லை. பிறகு ரேடியோவும் பத்திரிகையும் அந்த நாட்டைப் பற்றி என்ன சொன்னாலும், எனக்கு அது அடுப்பைக் கவனிக்காத ஒரு பெண்ணின் சமையலறையாகவே இருந்தது.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம் மதராசிலிருந்து கம்பெனிக்காரர்கள், ராஜகிரி, கிருஷ்ணகிரி குன்றுகள்மேல் இருக்கும் நம் ஊர்க் கோட்டைக்குப் படம் பிடிக்க வந்தார்கள். ஊரே திரண்டது. உன் அத்தா உன்னை விடவில்லை. "நீ போ. என் கண்ணையும் எடுத்துனு போ" என்றாய். போனேன். ஒரு பாறைமேல் உட்கார்ந்து, பார்க்கப் பார்க்க எழுதினேன். நிபந்தனை மாறாமல் எழுதினேன். அந்தத் தாள் எனக்கு இன்னும் மனப்பாடம்.

'காலை பதினோரு மணிக்கு ராஜகிரி அடிவாரத்தில் நாற்பது சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். பீரங்கி இரண்டு. கல்யாண மகாலுக்கு வடக்கே ஒரு லாரி நிறைய வெடிமருந்து. மதியம் இரண்டு முறை வெடித்தது. நாளை மறுநாள் கிருஷ்ணகிரியையும் பிடித்துவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள்.'

அதற்குக் கீழே, அடிபட்டு விழுந்த ஒரு சிப்பாய் தாயை நினைத்து அழுவதை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நீ வாங்கிப் படித்தாய். "அக்கா இன்னிக்கு சோறே ஆக்க மாட்டா" என்றாய். மறுநாள் தபாலில் சேர்த்தாய்.

அடுத்த மாதம் அந்த நாட்டோடு சண்டை மூண்டது. தபால் நின்றது. கடிதம் கராச்சிக்குப் போகவில்லை. எந்த ஆபீசிலோ பிரித்து, யார் யாரோ படித்து, கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டர் அதை எடுத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து உன் வீட்டுக்கு வந்தார். கூடவே நம் ஊர் ஸ்டேஷன் ஹெட் கான்ஸ்டபிள். ரவிக்கைத் துணியோடு நான் உள்ளே நுழைந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பள்ளிக்கூட வேலை உத்தரவாகியிருந்தது. போலீஸ் விசாரணைத் தாள் ஒன்றுதான் பாக்கி. அது உனக்குத் தெரியும்.

"நாப்பது சிப்பாய், ரெண்டு பீரங்கி. யாருக்கு இந்தச் சேதி?"

"எங்க அக்காவுக்கு சார். அது சினிமா. பீரங்கி பலகையில செஞ்சது."

"சினிமான்னு இதுல எங்கியாவது போட்டிருக்குதா?"

"போட்டா தோத்துடுவோம் சார்."

உன் அம்மா கதவுக்குப் பின்னால் விசும்பினாள். இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடி எத்தனை மணிக்கு, லாரி எந்தப் பக்கம், சிப்பாய்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாய். நான் கண்ணால் பார்த்ததை, பார்க்காத நீ என்னைவிடத் தெளிவாகச் சொன்னாய்.

"கையெழுத்து ரெண்டு விதமா இருக்குதே?"

"ரெண்டும் என்னுதுதான் சார். காலைல நெட்டுக்குத்தா நிக்கும். தெச்சி தெச்சி கை வலிச்சா, சாயங்காலம் சாஞ்சி படுத்துக்கும்."

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"ரவிக்கை தெக்கக் குடுக்க வந்தவங்க சார். அளவு எடுக்கணும், பாவம் நிக்கிறாங்க."

பழகிய பத்து வருஷத்தில் அன்றுதான் நீ என்னை மரியாதையாகச் சொன்னாய். நான் துணியை மார்போடு பிடித்துக்கொண்டு, அளவு கொடுக்க வந்தவள்போலவே நின்றேன்.

அக்காவின் கடிதங்கள் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்துப் போனார்கள். ஆறு மாதம் திங்கட்கிழமைதோறும் நீ ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டாய். தைக்கக் கொடுத்த துணிகளை ஒவ்வொருவராக வந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற பஸ் நிற்குமிடத்தில் உன்னைக் காட்டி "பீரங்கிப் பொண்ணு" என்றான் ஒருவன். நீ நின்று, "பலகை பீரங்கிதான், ஒரசிப் பாக்கிறியா?" என்று கேட்டாய். ஆனால் உன் அத்தா அதன்பிறகு கடைவீதிக்கு வருவதையே விட்டுவிட்டார். அவசரமாக வாணியம்பாடியில் மாப்பிள்ளை பார்த்தார். எனக்கு விசாரணைத் தாள் சுத்தமாக வந்தது. தை மாதம் வேலையில் சேர்ந்தேன்.

நீ புறப்படுவதற்கு முந்தின நாள் வந்தேன். மெஷினை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டதாகப் பெருமை பேசினாய். "உனக்கு வேல கெடச்சிது, எனக்கு மாப்ள கெடச்சான். சுபம் போட்டுடலாம்" என்றாய். நான் அந்தப் பேச்சை எடுத்தேன். பாதி வாக்கியம்கூட முடியவில்லை.

"தோ பாரு. நீ அழுகை எழுதறதோட நிறுத்திக்க. நடிக்காத."

எனக்குச் சுருக்கென்றது. நீ உடனே என் தலையைப் பிடித்து உன் தோளில் சாய்த்துக்கொண்டாய். "வேல போயிருந்தா உங்க நைனா உன்ன எங்க தள்ளியிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா? நான் பேசத் தெரிஞ்சவ, பேசினேன். வுடு." உன் ரவிக்கையில் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

தபால் திறந்த பிறகும் நீ கராச்சிக்கு எழுதவில்லை. புகுந்த வீட்டில் அந்த ஊர்ப் பெயரை எடுக்கக்கூடாதாம். இரண்டாவது வருஷம் ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டாய். தந்தியில் வந்த செய்தியை உன் அம்மா வந்து சொன்னபோது நான் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்தேன். ஏன் முடித்தேன் என்று தெரியவில்லை.

இந்த மாசியில் உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. படிக்கத் தெரியாத உன் அம்மா அதை என்னிடம் கொண்டுவந்தாள். 'இங்கே இப்போது உங்கள் நாட்டுப் படம் எதுவும் போடுவதில்லை. தடை செய்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக நான் ஒரு கதையும் கேட்கவில்லை. உனக்கு என்மேல் கோபமா? அழுகை எழுதுகிற பெண்ணாவது இருக்கிறாளா?' படிக்கப் படிக்க உன் அம்மா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "நீயே எழுதும்மா. எனக்கு அவளும் பொண்ணுதான்" என்றாள்.

பதில் எழுத மூன்று நாள் ஆயிற்று. உன் செய்தியை மூன்று வரியில் சொன்னேன். அழுகை எதுவும் எழுதவில்லை. பிறகு கடைசியாக நாம் இருவரும் பார்த்த படத்தின் கதையை, நம் தெருவில் நடந்ததுபோல, முழுக்க எழுதினேன். கீழே என் பெயரையும் நைனா பெயரையும் பள்ளிக்கூட விலாசத்தையும் போட்டேன். தபால் பெட்டியில் போடும் முன், இன்னொரு தாளில் நடந்ததை எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அதே ஹெட் கான்ஸ்டபிள்தான் இருந்தார்.

"இன்னா டீச்சரம்மா?"

சொன்னேன். அந்தத் தாளை எழுதியது நான் என்றேன். அவர் தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தெரியும்மா. அன்னிக்கே தெரியும். கோட்டையில கயிறு புடிச்சிக்கினு கும்பல தள்ளினு நின்னது நாந்தான். நீ பாறைமேல ஒக்காந்து எழுதினு இருந்தத பாத்தேன்."

"அப்ப நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"பெரிய ஆபீசரு பேசறப்போ..." என்று ஆரம்பித்தவர், தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வருவதற்கு என்ன உரிமை இருந்தது? டின்னைக் கேட்டேன். பழைய காகிதங்களோடு எரித்துவிட்டார்களாம்.

அக்காவிடமிருந்து சித்திரையில் பதில் வந்தது. உனக்காக வீட்டில் குர்ஆன் எடுத்து யாசீன் ஓதினாளாம். மாதம் ஒரு கதை கேட்டிருக்கிறாள். அனுப்பிக்கொண்டிருக்கிறேன். உன் பங்கையும், சிரிப்பு வருகிற இடங்களையும், இப்போது நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. அது எனக்குச் சரியாக வரவில்லை.

ஸ்டேஷனில் நான் கொடுத்த தாளை அவர் ஒரு முறை படித்துவிட்டுக் கட்டோடு கட்டாக வைத்தார். ஐந்து மாதம் ஆகிறது. வேலையில்தான் இருக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை.